பத்து நிமிடத்தில் பிரஷர் மாறுகிறதே, கருவி பழுதா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஒரு வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக் கருவி காலையில் 142/88 காட்டியது, பத்து நிமிடம் கழித்து 128/80. மருத்துவரிடம் போனால் 156/92. கருவி பழுதா? இரண்டு மாதம் மூலிகைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையையே விட்டுவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறும். நீங்கள் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கம் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், குழாய்ச் சுவர் தளர்வதை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். நாம் மயங்கி விழாமல் நிற்பது இதனால்தான்.

நாள்கணக்கில் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது சிறுநீரகம். அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதைத் தொடர்ந்து குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும். உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் உயர்ந்த அளவில் நிலைத்துவிடுகிறது. கழுத்து நரம்புகளும் அந்த அளவுக்கே பழகிவிடுவதால் 160 இருந்தாலும் பலருக்கு உடம்பில் எதுவும் தெரிவதில்லை.

இப்போது அந்தப் பொடி. இதில் எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் நம்பி ஏமாந்தவர்கள் கடைசியில் எங்களிடம்தான் வருகிறார்கள். விற்பவர் கையாளும் வழி எளிது: நீங்கள் வந்து உட்கார்ந்ததுமே ஒரு முறை அளப்பார், உட்கார வைத்துப் பேசிவிட்டு மறுபடி அளப்பார். இரண்டாவது எண் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், பொடியே தேவையில்லை. அப்புறம் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். அம்லோடிபின் போன்றவை நிறுத்திய பிறகும் சில நாள் வேலை செய்யும். அந்த நாட்களில் வரும் நல்ல எண்ணுக்குப் பொடி பெயர் வாங்கிக்கொள்கிறது. வேறு சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும். பொடியில் அதிமதுரம் இருந்தால் இன்னும் மோசம். அது சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்து அழுத்தத்தை ஏற்றும். மாத்திரை சாப்பிடும்போது 128 வருகிறது என்றால் அது மாத்திரை கொடுத்த 128.

மருத்துவமனையில் 156 வந்ததற்குப் பதற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் அவசரம். படியேறி வந்தவரை உடனே உட்கார வைத்து, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்து, அந்த ஒரே எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிவிடுகிறோம். இது எத்தனை வருடமாகியும் மாறவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வீட்டில் ஐந்து நிமிடம் சாய்ந்து அமைதியாக உட்காருங்கள். கால்கள் தரையில், கை இதய உயரத்தில் மேசை மேல். பேசக் கூடாது, சிறுநீரை அடக்கக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் சரி.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எழுந்ததும் கண் இருட்டுகிறதா? அப்படியானால் படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மேல் எண் 20 குறைந்தாலோ கீழ் எண் 10 குறைந்தாலோ, உடம்பு ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும், சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரும். உட்கார்ந்து அளந்த எண் அழகாகவே இருக்கும். குளியலறையில் விழுந்து எலும்பு முறிந்த பிறகுதான் தெரியவரும். அப்போதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் அளவை மாற்றித் தருவார்.

எழுதிய தாளை அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள். அதைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தால், தயங்காமல் முதலில் தாளைப் பார்க்கச் சொல்லுங்கள்.