விளம்பரமும் மக்கள் தொடர்பும்: பட்டப் படிப்பாகப் படிக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். விளம்பரமும் மக்கள் தொடர்பும் படிக்கப் போவதாக உறுதியாகச் சொல்கிறாள். ‘சினிமா போஸ்டரில் மக்கள் தொடர்பு என்று ஒருவர் பெயர் வருமே, அந்த வேலைக்கு ஒரு பட்டமா?’ என்று அவளுடைய அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவர் கேட்டதில் தவறில்லை. நம்மில் பலருக்கு ‘பி.ஆர்.ஓ.’ (மக்கள் தொடர்பாளர்) என்ற சொல் திரைப்படத்தின் வழியாகத்தான் அறிமுகமானது. 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்குப் பணியாற்றிய பிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்களைத்தான் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று குறிப்பிடுகிறார்கள். அவர் பல்லாண்டுகள் சேர்த்து வைத்த புகைப்படங்களும் குறிப்புகளும் தமிழ் சினிமாவின் ஆவணக் களஞ்சியமாகவே ஆகிவிட்டன. எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, யார் நடித்தார்கள் என்று கேட்டவருக்குச் சரியான தகவலைத் தர அவரால் முடிந்தது. பத்திரிகையாளர்கள் அவரை நம்பியதற்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். மக்கள் தொடர்புக்குப் பேச்சுத் திறமையை விட, சரிபார்த்த தகவல் கையில் இருப்பதுதான் முதலீடு.

இனி, படிப்பு எதைப் பற்றியது என்பதைச் சொல்கிறேன். விளம்பரம் என்பது காசு கொடுத்து இடத்தையோ நேரத்தையோ வாங்கிச் சொல்வது. மக்கள் தொடர்பு என்பது செய்தியாளர், ஊழியர், வாடிக்கையாளர், ஊர்மக்கள் ஆகியோரின் நம்பிக்கையைச் சம்பாதித்துச் சொல்வது. யாரிடம், எந்த மாற்றத்துக்காக, எவர் வாயால், எந்த வழியில் பேசுவது என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, இவ்விரண்டையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவதைத்தான் இப்போது உத்திசார் தகவல் தொடர்பு என்ற பெயரில் கற்பிக்கிறார்கள்.

போலியோ ஒழிப்பை நினைத்துப் பாருங்கள். 1995-இல் தொடங்கிய பல்ஸ் போலியோ முகாம்களுக்குத் தொலைக்காட்சி விளம்பரங்கள் பெரும் துணையாக இருந்தன. ஆயினும் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளில், அந்தச் சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கிவிடும் என்ற வதந்தியால் பெற்றோர் கதவைத் திறக்க மறுத்தார்கள். அங்கே விளம்பரத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பயன் விளைந்திருக்காது. அதே தெருவில் வசிக்கும் பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று பேசினார்கள். பள்ளிவாசல்களிலிருந்து அறிவிப்புகள் செய்யப்பட்டன. மறுத்த வீடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடியும் சென்றார்கள். மருந்தும் மருத்துவப் பணியாளர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது என்றாலும், மருந்து குழந்தையின் வாய்வரை போய்ச் சேர்ந்ததில் இந்தப் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. நாட்டின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. இதைத் தங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உங்கள் மகள் படிக்க விரும்புவது இத்தகைய வேலையையும் உள்ளடக்கிய படிப்பு.

கேள்வி: நான் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. இந்தத் துறைக்கு நுனி நாக்கு ஆங்கிலம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு இடம் உண்டா? எங்கே படிப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. வகுப்பறையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதல் வாரத்தில் மாணவர்களுக்கு நான் தரும் பயிற்சி ஒன்று உண்டு. ‘குழாய்ப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும் என்பது பொதுமக்களின் கவனத்திற்குக் கொண்டு வரப்படுகிறது’ என்ற ஓர் அறிவிப்பைக் கொடுத்து, மூன்று குடங்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் புரியுமாறு திருத்தி எழுதச் சொல்வேன். ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவர்கள் பலர் சொற்களை அழகுபடுத்திவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஒருமுறை, கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுதுவதற்கு முன் எழுந்து நின்று நான்கு கேள்விகள் கேட்டாள்: எந்தெந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தண்ணீர் லாரி எந்த முனையில் நிற்கும், மாடிக்குக் குடம் தூக்க முடியாத முதியவர்கள் யாரை அழைப்பது. அவளுடைய அறிவிப்பில் நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இந்தத் துறைக்கு வேண்டிய புத்தி அதுதான்.

ஆனாலும் ஆங்கிலத்தை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். விளம்பர நிறுவனங்களில் வாடிக்கையாளர் தரும் வேலைக் குறிப்பை ‘பிரீஃப்’ என்பார்கள்; அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும், சந்தேகம் கேட்கவும், ஒரு பக்க அறிக்கை எழுதவும் தெரிந்தாக வேண்டும். ஓராண்டு உழைத்தால் அது கைவரும். மறுபுறம், மும்பையில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுத் தமிழுக்குப் பெயர்த்து அனுப்பப்படும் எத்தனை விளம்பரங்கள் நம் காதில் ஒட்டாமலே போகின்றன என்பதை நீங்களே கேட்டிருப்பீர்கள். தமிழில் நேரடியாக எழுதத் தெரிந்த காப்பி ரைட்டருக்கு, அதாவது விளம்பர வாசகம் எழுதுபவருக்கு, இங்கே வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இளநிலையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் ஆகிய படிப்புகளுக்குள் விளம்பரமும் மக்கள் தொடர்பும் தாள்களாக இருக்கின்றன. சிறப்புப் படிப்பு பெரும்பாலும் முதுநிலையில்தான். உங்களுக்கு ஒரு பட்டம் இருப்பதால் அங்கேயே நுழையலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் தகவல் தொடர்புத் துறையை முதலில் பாருங்கள். 1965-இல் தொடங்கப்பட்ட தில்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், விளம்பரம் – மக்கள் தொடர்பு முதுநிலைப் பட்டயப் படிப்பை நீண்ட காலமாக நடத்திவருகிறது. அகமதாபாத்தில் 1991-இல் உருவான மைக்கா இந்தத் துறைக்கென்றே எழுந்த நிறுவனம். அதன் கட்டணம் மிக அதிகம் என்பதால், கல்விக் கடனுக்குக் கையெழுத்திடும் முன் முன்னாள் மாணவர்கள் சிலரிடம் பேசிவிடுங்கள். எந்தக் கல்லூரியானாலும் பாடத்திட்டத்தில் ஆய்வு முறைகளும் புள்ளியியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத இடத்தில் நான் என் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: ரீல்ஸ் எடுப்பதையும் சமூக ஊடகப் பக்கங்களை நடத்துவதையும் யூடியூப் பார்த்தே கற்றுவிட்டேன். இனியும் கல்லூரி எதற்கு?
– வாசகர், ஈரோடு

பதில்: கருவியைக் கையாளக் கல்லூரி தேவையில்லை. ஆனால் சட்டமும் பொறுப்பும் கருவியோடு சேர்ந்து வருவதில்லை. குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954 முதல் நம் நாட்டில் இருக்கிறது. 1985-இல் அமைந்த இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பதிவிடுபவர்கள் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று 2021-இல் நெறிமுறை வகுத்தது. சர்க்கரை நோயை விரட்டும் பொடி என்று ஒரு வாடிக்கையாளர் உங்களிடம் வரும்போது, அந்த ரீலை எடுக்க மறுக்க உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எம்.ஏ. முதலாண்டில் மக்கள் தொடர்பு படிக்கிறேன். ‘பொய்யை அழகாகச் சொல்லக் கற்கிறாய்’ என்று நண்பர்கள் சொல்வது மனத்தை வருத்துகிறது.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது; உங்கள் நண்பர்களின் சந்தேகத்துக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மறைப்பதே அக்கால ரயில் நிறுவனங்களின் வழக்கம். பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, தகவல்களைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கச் செய்ததோடு, செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துவரவும் செய்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பாடப்புத்தகங்கள் பலவும் அதைத்தான் சுட்டுகின்றன. அதே ஐவி லீ, 1914-இல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்கள் கொல்லப்பட்ட பிறகு, சுரங்க உரிமையாளரான ராக்பெல்லர் தரப்புக்காகப் பிழையான தகவல்கள் அடங்கிய துண்டறிக்கைகளை வெளியிட்டுப் பழி சுமந்தார். நிறுவனத்தார் கொடுத்த தகவல்களை அவர் சரிபார்க்காமல் அச்சிட்டார். திறமை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ நஞ்சு கலந்த டைலெனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களால் ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் மக்களை எச்சரித்து, ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அங்கே மக்கள் நம்பியது அந்தச் செயலை. அறிக்கை அதை எடுத்துச் சொன்னது, அவ்வளவுதான். செயல் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல நடையில் எழுதினாலும் உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மையாகிவிடும்.

அடுத்த பருவத்தில் நீங்கள் பயிற்சிக்குச் செல்வீர்கள். செய்திக்குறிப்பு எழுதும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அதைத் தந்தவர் யார், எந்த நாளில் தந்தார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஓரம் காலியாக இருக்கும் வரியை அனுப்பாதீர்கள்.