பண்ணை பார்க்கப் போகிறீர்களா? செவ்வாய்க்கிழமை போங்கள்

வாசகர் கேள்வி: எங்களிடம் 6 ஏக்கர் இருக்கிறது. பாதியில் பழமரங்கள், மீதியில் காய்கறி. வேளாண் சுற்றுலா தொடங்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஓர் அமைப்பாளர் 8 நாள் பயணம் அழைத்துப்போகிறார். 16 பண்ணைகள், 3 சந்தைகள், ஒரு கிராமத் திருவிழா. முடிவில் சான்றிதழும், எங்கள் நிலத்துக்கென்று திட்ட அறிக்கையும் தருவாராம். மாத இறுதிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார். போகலாமா? போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? 4 அறைகள் கட்டினால் போதுமா?

நிபுணர் பதில்: முன்பணம் கட்டாதீர்கள். சுற்றிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதை நீங்களே செய்துகொள்ளலாம், இதைவிடக் குறைந்த செலவில்.

8 நாளில் 16 பண்ணை என்றால் நாளுக்கு 2. பேருந்துப் பயணம், சாப்பாடு, சந்தை எல்லாம் கழித்தால் ஒரு பண்ணைக்கு ஒன்றரை மணி நேரம் தேறலாம். அதிலும் வரவேற்பு பானம், உரிமையாளரின் உரை, குழுப்படம், வாசல் கடையில் சாமான் வாங்குவது என்று போக மிஞ்சுவது 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் சமையலறைக் கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் உங்களை அழைத்துப்போய்க் காட்டப்போவதில்லை. பூத்திருக்கும் பாத்தியைக் காட்டுவார்கள். காய்ந்துபோன பாத்தி பின்பக்கம் இருக்கும்.

இந்த மாதிரி அமைப்பாளர்களில் பலருக்கு மூன்று பக்கமிருந்து வரும்படி. உங்களிடம் கட்டணம் வாங்குவார்கள். கூட்டம் கொண்டுவந்ததற்குப் பண்ணைக்காரரிடம் கமிஷன் வாங்குவார்கள். பயணம் முடிந்த பிறகு குடில் கட்டுபவர், வேலி போடுபவர், முன்பதிவு மென்பொருள் விற்பவர் என்று உங்களை ஒவ்வொருவராகக் கைமாற்றி, அங்கேயும் ஒரு பங்கு எடுப்பார்கள். அதனால்தான் எந்தப் பண்ணைக்குப் போனாலும் "முதலில் குடில் கட்டுங்கள்" என்றே காதில் விழும். சான்றிதழை எந்த வங்கியும் எந்த அலுவலகமும் கேட்கப்போவதில்லை, சுவரில் மாட்டலாம். திட்ட அறிக்கையோ பெரும்பாலும் ஒரே அறிக்கைதான். பெயரும் சர்வே எண்ணும் மட்டும் மாறியிருக்கும். கண்டுபிடிப்பது எளிது: மாதவாரியாக வரவு செலவுப் பக்கத்தைக் கேளுங்கள். 12 மாதமும் அறைகள் 60 சதவீதம் நிரம்பும் என்று நேர்கோடாக எழுதியிருந்தால் அது நகல். மழைக்காலமும் அறுவடை முடிந்த காலமும் ஒரே மாதிரி ஓடும் பண்ணை எங்கேயும் கிடையாது.

உங்கள் 4 அறைக் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம். 4 அறை, 365 இரவு, மொத்தம் 1,460 அறை இரவுகள். பண்ணையில் தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வாரக் கடைசிக்காரர்கள். வாரத்தில் 2 இரவு என்றால் ஆண்டுக்கு 104. எல்லா வாரமும் 4 அறையும் நிறைந்தாலே 416 அறை இரவுதான், அதாவது 28 சதவீதம். நடுவில் அடைமழை, பள்ளித் தேர்வுக் காலம், மருந்து தெளிக்கும் நாட்கள் என்று இன்னும் கழியும். மீதி நாட்களில் அறை காலியாக இருந்தாலும் துணி துவைக்க வேண்டும், பூஞ்சை பிடிக்காமல் திறந்துவைக்க வேண்டும், ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆகவே முதல் இரண்டு பருவத்துக்கு அறையே வேண்டாம். பகலில் வந்து மாலையில் திரும்பும் கூட்டத்தை வைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் சொந்தப் பயணம். 5 பண்ணை போதும். உங்கள் அளவு நிலம், நகரத்திலிருந்து உங்கள் ஊர் இருக்கும் அதே தூரம், ஏறக்குறைய அதே தண்ணீர் வசதி உள்ளவையாகத் தேர்ந்தெடுங்கள். 100 ஏக்கர் காட்சிப் பண்ணையைப் பார்ப்பதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஐந்தில் ஒன்று, தொடங்கி மூடப்பட்ட பண்ணையாக இருக்கட்டும். பக்கத்து ஊரில் விசாரித்தால் சொல்வார்கள். மூடியவர் ஒரு மணி நேரத்தில் சொல்வதை அமைப்பாளர் 8 நாளிலும் சொல்ல மாட்டார்.

ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நான்கு பண்ணைக்கும் இரண்டு முறை போங்கள். ஒருமுறை ஞாயிறு, காசு கொடுத்து, குடும்பத்தோடு, யாரென்று சொல்லாமல். இன்னொரு முறை செவ்வாய் அல்லது புதன், நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரென்று சொல்லி.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குள் ஓடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் வண்டி நிறுத்துமிடத்தில் நில்லுங்கள். எத்தனை வண்டி, வண்டிக்கு எத்தனை தலை, அதில் குழந்தைகள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காருக்கு, திரும்பும் வழியையும் சேர்த்து, சுமார் 25 சதுர மீட்டர் வேண்டும். 40 கார் வந்தால் 1,000 சதுர மீட்டர், கால் ஏக்கர். உங்கள் 6 ஏக்கரில் அந்தக் கால் ஏக்கர் எது? மழை பெய்தால் சக்கரம் புதையாத மேட்டு நிலமாக அது இருக்க வேண்டும். அதுதான் பொதுவாக நல்ல மரம் நிற்கும் இடம்.

அடுத்து கழிப்பறை. சிரிக்காதீர்கள், பண்ணைச் சுற்றுலாவில் நிறையப் புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது. 45 பேர் ஏறிய பள்ளிப் பேருந்து வந்து நின்றால் 45 பேரும் ஒரே நேரத்தில்தான் இறங்குவார்கள். ஆளுக்கு 3 நிமிடம், 135 நிமிடம். 3 கழிப்பறை இருந்தால் கடைசிப் பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முறை வரும். அதற்குள் அது வேலி ஓரத்துக்குப் போயிருக்கும். வாசனை எப்படி, தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து வருகிறதா, கழிவுத் தொட்டி கிணற்றுக்கு மேட்டுப்பக்கமா பள்ளப்பக்கமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அள்ளுகிறார்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். சமையல் எண்ணெயும் அதே தொட்டிக்குப் போனால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். எண்ணெய் பிரிக்கும் சிறு தொட்டி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியேறும் வாசலில் அரை மணி நேரம் நிற்பதும் முக்கியம். வந்தவர்கள் கையில் என்ன கொண்டுபோகிறார்கள்? வெறுங்கையோடு போனால் அந்தப் பண்ணை நுழைவுச்சீட்டை மட்டும் நம்பி ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை காட்சி வேறாக இருக்கும். ஞாயிறன்று நூறு குழந்தைகள் தடவிய ஆட்டுக்குட்டி தீனி எடுக்கிறதா, மிதித்த பாத்தியில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, உடைந்த ஊஞ்சலை யார் சரிசெய்கிறார்கள், பயிர்வேலைக்கு ஆள் மிச்சம் இருக்கிறார்களா, இதையெல்லாம் அன்றுதான் பார்க்க முடியும். உரிமையாளரிடம் "லாபம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள், பொய் சொல்ல வைக்கும் கேள்வி அது. "கடைசியாக எதை நிறுத்தினீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். அவர் நேரத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கேட்டால் விளம்பரம்தான் கிடைக்கும்.

பழமரம் இருப்பதால் "நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்" முறைதான் உங்களுக்கு முதலில் தோன்றும். அது நடக்கும் பண்ணையில் ஒரு வரிசை முழுக்க, கூட்டத்துக்குப் பின்னால் நடந்து பாருங்கள். கடித்துப் போட்ட காய், முறிந்த கிளை, கைக்கு எட்டாத உயரத்தில் மிஞ்சிய பழம் எல்லாம் கண்ணில் படும். எடை போட்டு மட்டும் காசு வாங்கினால் இந்தச் சேதம் உங்கள் தலையில்தான் விடியும். ஜப்பானில் ஸ்ட்ராபெரி பறிக்கும் பண்ணைகளில் பலவும் நேரத்தைத்தான் விற்கின்றன: 30 நிமிடம், சாப்பிட முடிந்த மட்டும். செடிகள் இடுப்பு உயரப் பலகையில் இருப்பதால் மிதிபடுவதில்லை, சக்கர நாற்காலியும் போகும். மரத்தோட்டத்தில் பலகை வைக்க முடியாதுதான். ஆனால் நுழைவுக் கட்டணத்துக்குள் ஒரு கூடையை அடக்குவது, அன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு வரிசையை மட்டும் திறந்து மற்றவற்றைக் கயிறு கட்டி மூடுவது, கிளையைத் தாழ்வாகப் பழக்குவது ஆகியவற்றை நீங்களும் செய்யலாம்.

பூந்தோட்டம் காட்டி ஆசை மூட்டுவார்கள். சூரியகாந்தி விதைத்து 55 முதல் 70 நாளில் பூக்கும், ஒரு விதைப்பின் அழகு இரண்டு வாரத்தில் தலை கவிழ்ந்துவிடும். பருவம் முழுக்கப் பூ இருக்க வேண்டுமானால் 10 முதல் 14 நாள் இடைவெளியில் துண்டு துண்டாக விதைக்க வேண்டும். ஆளுயரப் பயிருக்குள் வழி தேடி நடக்கும் மக்காச்சோளப் புதிர்ப்பாதையும் அப்படித்தான். 1993இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய இந்த விளையாட்டு இன்று பல நாடுகளில் இருக்கிறது. பயிர் முழங்கால் உயரத்துக்குள் இருக்கும்போதே பாதையை வெட்டிவிட வேண்டும், சுவர் அடர்த்தியாக வரக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை விதைக்க வேண்டும். வளர்ந்த பிறகு வெட்டினால் கூர்மையான தட்டைகள் காலைக் கிழிக்கும்.

கால்நடை உள்ள பண்ணைக்குப் போகும்போது செருப்பின் சுத்தத்தை மறக்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு மாட்டுப் பண்ணை, இரண்டு கோழிப் பண்ணை என்று போகவே கூடாது. கோமாரி போன்ற நோய்கள் செருப்பிலும் துணியிலும் டயரிலும் ஊர் தாண்டும். வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினித் தொட்டி, சாணம் ஒட்டிய காலோடு இறங்கினால் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் முக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே "நாளுக்கு 2 பண்ணை" பயணத்தைத் தவிர்க்கலாம். கூடவே கை கழுவுமிடத்தையும் பாருங்கள். 2009இல் இங்கிலாந்தில், குழந்தைகள் விலங்குகளைத் தொட்டு விளையாடும் ஒரு பண்ணையிலிருந்து 93 பேருக்கு ஈ. கோலை ஓ157 என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று பரவியது, பெரும்பாலும் குழந்தைகள். கை ஜெல் பாட்டில் வைத்தால் போதாது. சாணம் பட்ட கையில் அது பயன் தராது. சோப்பும் ஓடும் தண்ணீரும், குழந்தை உயரத்தில், சாப்பிடும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

சந்தைக்கு எப்போது போவது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். விடியுமுன் மொத்தச் சந்தை, மூடும் நேரம் சில்லறைச் சந்தை. விடியுமுன் போனால் எதைத் தரம் குறைவென்று ஒதுக்குகிறார்கள் என்று தெரியும். உங்கள் தோட்டத்திலும் அதே அளவு ஒதுங்கும். அந்த ஒதுங்கல்தான் ஊறுகாய், ஜாம், சாறு என்று வாசல் கடைக்குப் போக வேண்டிய சரக்கு. மூடும் நேரம் போனால் எது விற்காமல் திரும்புகிறது என்று தெரியும். சந்தையில் மலிவாகக் குவிந்து கிடப்பதை வாசல் கடையில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். திருவிழாவைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், இரண்டு நாள் கூட்டம் 363 நாளுக்குச் சோறு போடாது.

அனுமதி விஷயத்தில் பல இடங்களிலும் ஒரே கதைதான். வேளாண் அலுவலகத்தில் கேட்டால் "இது சுற்றுலா" என்பார்கள், சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் "அது விவசாய நிலமாயிற்றே" என்பார்கள். நடுவில் ஆறு மாதம் போகும், அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைவார். தரகரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் எதையும் கொடுக்காதீர்கள். விளைநிலத்தை வணிக நிலமாக மாற்றிவிட்டால் வரிச்சலுகை, மின்கட்டணச் சலுகை போய்விடக்கூடும். பண்ணைக் காப்பீடும் காசு கொடுத்து வந்தவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால் பெரும்பாலும் கை விரித்துவிடும், தனி ஒப்பந்தம் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு விலக்கை மட்டும் விடாமல் விசாரியுங்கள், ஏனென்றால் இதைத் தரகர் சொல்லவே மாட்டார். சிறிய அளவில் நடத்தும் விவசாயிக்குப் பல நாடுகள் தனிச்சலுகை வைத்திருக்கின்றன. இத்தாலியில் 1985லேயே பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச்சட்டம் வந்தது. 2006இல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தின்படி விவசாயம்தான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும்; விருந்தினரைக் கவனிக்கும் வேலை அதை மிஞ்சக் கூடாது. இதை நிரூபிக்க வேலை நேரக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் தங்கவும் சாப்பிடவும் வரும் விருந்தினர் 10 பேருக்கு மேல் போகாவிட்டால், விவசாயமே முதன்மை என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஜப்பானில் எளிய விடுதிக்கு விருந்தினர் அறைப் பரப்பு குறைந்தது 33 சதுர மீட்டர் என்ற விதி இருந்தது. 2003இல் விவசாயக் குடும்பங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். உங்கள் இடத்தில் அந்த எல்லை எத்தனை பேர், எத்தனை அறை? எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லை 3 அறையாக இருந்து நீங்கள் 4 கட்டினால், அந்த நான்காவது அறைக்காக முழு விடுதிக்கான உரிமம், தீத்தடுப்பு, வரி எல்லாவற்றையும் சுமப்பீர்கள். சுவர் எழும்பிய பிறகு இடிக்க மனம் வராது.

முன்பணம் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் அமைப்பாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பண்ணையிலிருந்தாவது கமிஷன் பெறுகிறீர்களா, பயணம் ரத்தானால் எத்தனை நாளில் பணம் திரும்பும், ஒரு பண்ணையில் ஒரு முழு நாள் நான் மட்டும் தங்கிக்கொள்ள அனுமதிப்பீர்களா. மூன்றாவதற்குச் சரி என்றால் போங்கள். போய், அந்த ஒரு நாளை மதியம் 3 மணிக்குப் பிறகு பண்ணையின் பின்பக்கம் செலவிடுங்கள். முதல் இரண்டுக்கே மழுப்பினால் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.