கிக் எங்கே விழுகிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வொண்டர் கேர்ள்ஸ் குழுவின் 'ஐ ஃபீல் யூ' பாட்டை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது லத்தீன் ஃப்ரீஸ்டைல் வகை என்று படித்தேன். கொரியப் பாட்டில் லத்தீன் எங்கிருந்து வந்தது? என் காதில் விழுவதெல்லாம் எண்பதுகளின் சின்தசைசர்தான். பேசாமல் ரெட்ரோ என்றே சொல்லிவிடலாமே? கணினியில் அதே மாதிரி ஒரு ரிதம் போட்டுப் பார்த்தேன், டிஸ்கோ போல வந்துவிட்டது. அடுத்தவர் இசையை இப்படி எடுத்துக்கொள்வது திருட்டாகாதா? புதிதாகக் கேட்பவர்களுக்குப் பத்துப் பாட்டு கொண்ட பட்டியல் ஒன்று தர முடியுமா?

ந., திருப்பூர்

அன்புள்ள ந.,

ரிதம் போட்டுப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கேட்பதோடு நிற்காமல் கை வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்தத் தாளத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டும் இருந்தேன்.

ஆனால் 'ரெட்ரோ என்றே சொல்லிவிடலாமே' என்று எழுதியதற்கு உங்களைக் கண்டிக்காமல் விட முடியாது. ரெட்ரோ என்பது பழையது என்று மட்டுமே சொல்கிறது. யாருடைய பழையது? எந்தத் தெருவில் பிறந்தது? அதைச் சொல்லாது. எண்பதுகளின் நடுவில் இட்டாலோ டிஸ்கோ, ஹை-எனர்ஜி, சின்த்-பாப், ஃப்ரீஸ்டைல் என்ற இசை வகைகள் எல்லாம் ஒரே கடைச் சரக்கான சின்தசைசர்களில்தான் வாசிக்கப்பட்டன. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் அத்தனை பேர் வீட்டிலும் ஒலித்தது. சின்தசைசரை வைத்து வகை பிரிப்பது, சட்டை நிறத்தை வைத்து ஊரைச் சொல்வது போன்றது. ஃப்ரீஸ்டைலை அடையாளம் காட்டுவது டிரம்தான்.

கொரியப் பாட்டில் லத்தீன் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். அசல் ஃப்ரீஸ்டைல் பாட்டுகளே பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவைதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ், ஸ்பானிஷ் ஹார்லம் பகுதிகளில் வளர்ந்த போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பிள்ளைகளும், மயாமியின் கியூபக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆடி வளர்த்த இசை அது. 1982இல் வந்த 'பிளானட் ராக்' என்ற பாட்டு இயந்திர டிரம்முக்கு வழி திறந்தது. 1983இல் ஷேனன் பாடிய 'லெட் த மியூசிக் ப்ளே' இந்த வகையின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஷேனன் லத்தீன் அமெரிக்கர் அல்ல, கறுப்பினப் பாடகி. ஆகவே 'லத்தீன்' என்ற பெயரைப் பாடகரின் வம்சத்திலோ பாட்டின் மொழியிலோ தேடாதீர்கள். கட்டி வளர்த்த கூட்டத்திலும் தாளக் கணக்கிலும் தேடுங்கள்.

இப்போது உங்கள் ரிதத்துக்கு வருகிறேன். டிஸ்கோ போல வந்தது என்றால் காரணம் ஒன்றுதான்: கிக்கை, அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலியை, நாலு தட்டிலும் வைத்திருக்கிறீர்கள். ஒரு சுற்றைப் பதினாறு சம கட்டங்களாகப் பிரித்தால் 1, 5, 9, 13. அதை முழுதாக அழியுங்கள்.

வேகம் நிமிடத்துக்கு 116 தட்டு. ஸ்நேர், அதாவது பளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம், 5, 13இல் மட்டும். அதன்மேல் கைத்தட்டல் ஒலியையும் சேர்த்து வையுங்கள். கிக் 1, 7, 11. இப்போதே டிஸ்கோ போயிருக்கும். ஏன் இந்த இடங்கள்? கியூப இசையின் முதுகெலும்பான க்ளாவே தட்டு 16 கட்டத்தில் 1, 4, 7, 11, 13இல் விழும். வாயால் சொல்லிப் பார்க்க நமக்கு வழி இருக்கிறது: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் தட்டுங்கள், அதுதான் க்ளாவே. நான் சொன்ன கிக் மூன்றும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. 13இல் ஸ்நேரும் க்ளாவேயும் ஒன்றாக விழுகின்றன. நேராக நிற்கும் ஸ்நேருக்கும் சாய்ந்து நடக்கும் கிக்குக்கும் நடுவே உண்டாகும் இழுபறியில்தான் இடுப்பு அசைகிறது. இந்தக் கிக் வரிசை ஒன்றுதான் உண்டு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டும் ஒரு கட்டம் முன்னே பின்னே மாற்றும். நாலையும் நேராக அடிக்காமல் இருப்பதே முக்கியம்.

ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரப் பெட்டியில் க்ளாவே குச்சி, கௌபெல் மணி, காங்கா என்ற கை டிரம் ஆகியவற்றின் ஒலிகள் உள்ளேயே இருந்தன. 1980 முதல் 1983 வரைதான் அதைச் செய்தார்கள். விற்காமல் நின்றுபோன அந்தப் பெட்டி பழைய பொருளாக மலிவாகக் கிடைத்ததால்தான் காசில்லாத பிள்ளைகள் கைக்கு வந்தது. உங்கள் கணினியிலும் அதன் ஒலிகள் இருக்கும். கௌபெல்லைக் கிக் இல்லாத இடங்களில் வையுங்கள். காங்காவை 15, 16இல் வைத்தால் அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடும்.

அடுத்த தவறு எதிரொலி. ஸ்நேருக்கு நீளமான எதிரொலி போட்டால் அதன் வால் அடுத்தடுத்த கட்டங்களை மூடி, கிக்கின் சாய்வு கேட்காமல் போகும். பெரிய எதிரொலியைப் போட்டு, ஒன்றரைக் கட்டத்தில் கத்தரித்துவிட வேண்டும். 116 வேகத்தில் அது சுமார் 0.2 நொடி. பாஸ் என்ற அடிக்குரல் வாத்தியத்தையும் கிக்கின்மேலேயே வைக்காதீர்கள். கிக் விட்ட இடைவெளியில் எட்டுச் சுரம் தாவிக் குதிக்கட்டும்.

பிறகு திக்கல். குரலின் ஒரு துண்டு நான்கைந்து முறை தட்டித் திரும்புமே, அது. லத்தீன் ராஸ்கல்ஸ் என்ற இருவர், ஆல்பர்ட் கப்ரேராவும் டோனி மொரானும், ஒலிநாடாவைப் பிளேடால் நறுக்கி ஒட்டியே இதைச் செய்தார்கள். 120 வேகத்தில் ஒரு கட்டம் 0.125 நொடி. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அது இரண்டு அங்குலம்கூட இல்லை, 1.875. அத்தனை சின்னத் துண்டுகளைப் பொறுமையாக வெட்டிய கைகளை மறந்துவிட்டு ரெட்ரோ என்று ஒரே சொல்லில் கடந்துபோவது எனக்கு வலிக்கிறது.

கொரியாவுக்கு இது எப்படிப் போனது? நேராகப் போகவில்லை, தாமதமாகப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலியில் ஃப்ரீஸ்டைல் ஓய்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே அந்தப் பாடகர்களை மெதுப்பாட்டுப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். எக்ஸ்போஸே 1988இலும் ஸ்டீவி பி 1990இலும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது மெதுப்பாட்டுகளால்தான். 1992இல் சியோ டைஜி குழு கொரிய இசையைப் புரட்டிப்போட்டபோது கையில் கிடைத்த அமெரிக்கத் தாளம் நியூ ஜாக் ஸ்விங். ஃப்ரீஸ்டைல் அந்தப் பேருந்தைத் தவறவிட்டது. 2007இல் பார்க் ஜின்-யங் எழுதிய, இதே வொண்டர் கேர்ள்ஸ் பாடிய 'டெல் மீ' வந்தபோதுதான் அதன் சாயல் பெரிய அளவில் கேட்டது. ஸ்டேசி க்யூவின் 1986ஆம் ஆண்டுப் பாட்டான 'டூ ஆஃப் ஹார்ட்ஸ்' அதில் ஒலித் துண்டாக எடுத்தாளப்பட்டது. ஸ்டேசி க்யூவின் அந்தப் பாட்டை ஃப்ரீஸ்டைல் என்று பலர் சொல்கிறார்கள், நான் ஏற்க மாட்டேன். அது ஹை-எனர்ஜி, அதில் வரும் திக்கல் மட்டும்தான் ஃப்ரீஸ்டைலுக்குச் சொந்தமானது. வகையின் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தது 2015 ஆகஸ்டில் வந்த 'ரீபூட்' தொகுப்பின் 'ஐ ஃபீல் யூ'. அதையும் எழுதியவர் பார்க் ஜின்-யங்தான். யூபின் டிரம்ஸ், சுன்மி பாஸ், யேயுன் கீபோர்டு, ஹேரிம் கித்தார் என்று நால்வரும் வாத்தியத்தோடு மேடைக்கு வந்தார்கள்.

கொரியக் காதில் அது அந்நியமாக ஒலிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டப் பாட்டின் மெட்டுக்குள் கசியும் அழுகையை அவர்கள் 'ப்பொங்' என்பார்கள். ட்ராட் என்ற பழைய கொரிய வெகுஜனப் பாட்டுகளிலிருந்து வந்த குணம். ஃப்ரீஸ்டைலும் அப்படித்தான். கால் ஆடும், பாட்டு ஏமாந்த காதலைச் சொல்லும், மெட்டு பெரும்பாலும் சோகம் தொனிக்கும் மைனர் சுரவரிசையில் போகும். வேறுபாடு குரலில். பிராங்க்ஸ் பெண்களின் குரல் மெலிந்து, சில இடங்களில் சுருதி நழுவி, பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதுபோல இருக்கும். கே-பாப் குரல்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்று, அடுக்கடுக்காகப் பதிவானவை. எனக்கு முன்னது பிடிக்கும்.

திருட்டா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. பெயரைச் சொல்லி எடுத்தால் கடன், அவ்வளவுதான்.

பத்துப் பாட்டுப் பட்டியல் தர மாட்டேன், மூன்று போதும். முதலில் 'லெட் த மியூசிக் ப்ளே'. கிக்கை மட்டும் கேளுங்கள். அடுத்து லிசா லிசா அண்ட் கல்ட் ஜாமின் 'ஐ வொண்டர் இஃப் ஐ டேக் யூ ஹோம்', குரலைக் கேளுங்கள். பிறகு 'ஐ ஃபீல் யூ'வுக்குத் திரும்பி, மேசையில் தகிட தகிட தகதிமி தக தகதிமி தட்டிக்கொண்டே பாஸ் எந்த இடங்களில் குதிக்கிறது என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ரிதத்தை அனுப்புங்கள். கிக் மறுபடியும் 5இல் விழுந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.