காந்தத்தில் ஒட்டும் மண்: கேட்டதும் சொன்னதும்

காட்பாடியிலிருந்து: சார், பாலாற்று மணலில் என் பையன் காந்தத்தை விட்டுத் துழாவினான். கருப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. இரும்புத் தூளா?

தனி இரும்பு இல்லை. மேக்னடைட் என்ற கனிமம். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன். எடையில் 72 சதவீதம் இரும்பு. மலைப் பாறைகள், முக்கியமாக சார்னோகைட், சிதைந்து ஓடைகளில் வந்து சேர்ந்தது. சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸ் கனிமம் தண்ணீரைப் போல 2.65 மடங்கு அடர்த்தி, இது 5.2 மடங்கு. வெள்ளம் வடியும்போது லேசானது போய்விடும், இது தங்கிவிடும். அரிசி அரிக்கும்போது கல் அடியில் நிற்கிற கதைதான். மணலில் கருங்கோடு கோடாகத் தெரிவது அதனால்தான்.

அடுத்த முறை காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுத் துழாவச் சொல்லுங்கள். காந்தத்தை உருவினால் பொடி தானே உதிரும். நேராக ஒட்டிவிட்டால் சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும், பட்டவன் சொல்கிறேன். கருப்பாக இருந்தும் ஒட்டாதது இல்மனைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற வேறு கனிமமாக இருக்கலாம்.

குடியாத்தத்திலிருந்து: எங்கள் நிலம் நல்ல செம்மண். இரும்பு இருப்பதால்தான் சிவப்பு என்கிறார்கள். பிறகு ஏன் காந்தத்தில் ஒட்டுவதில்லை?

சிவப்பு, ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமத்தின் வேலை. அதிலும் 70 சதவீதம் இரும்புதான். ஆனால் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஹெமடைட்டில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். சரிசமமாகக் கயிறு இழுத்தால் கயிறு நகருமா? மேக்னடைட்டில் ஒரு பக்கம் ஆள் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம். ஹெமடைட் கொஞ்சம் இருந்தாலே, குங்குமம் போல, மண் முழுக்கச் சிவந்துவிடும். மண் மஞ்சளாக இருந்தால் அது கோயெதைட் என்ற வேறொரு இரும்புக் கனிமம்.

அணைக்கட்டிலிருந்து: அண்ணா, கரும்புச் சோகை கொளுத்திய இடத்து மண் மட்டும் ஒட்டுகிறதே?

அருமையான கேள்வி. சோகை எரியும்போது மண்ணில் ஆக்சிஜன் குறைந்து, கோயெதைட், ஹெமடைட்டில் கொஞ்சம் மேக்னடைட்டாக மாறும். ஆறும்போது மறுபடி ஆக்சிஜன் ஏறி மேக்ஹெமைட் என்ற கனிமம் ஆகிவிடும். ஹெமடைட்டுக்கும் இதற்கும் வேதி வாய்பாடு ஒன்றே; அணுக்கள் அடுக்கிய விதம்தான் வேறு. அதனால் மேக்ஹெமைட் ஒட்டும், ஹெமடைட் ஒட்டாது. இதற்காகச் சோகையைக் கொளுத்தாதீர்கள்!

ஆரணியிலிருந்து: காந்த மண்ணில் போட்ட வேர்க்கடலை இலை மஞ்சளாகிறது. இரும்புச் சத்து இருக்கிறதே?

இருந்தும் வேருக்கு எட்டாது. மேக்னடைட் லேசில் கரையாது. சுண்ணாம்பு மண்ணானால் இன்னும் மோசம். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைதான். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து இலையில் தெளியுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து: கவுத்தி மலைக் கல்லும் இதே வகையா?

ஆமாம், மேக்னடைட்டும் குவார்ட்ஸும் பட்டை பட்டையாக அடுக்கிய கல்.

பெயர் வேண்டாம் என்றவர்: மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். காட்டில் எங்கே வைத்தாலும் கத்துகிறது. புதையலா?

மிக நுண்ணிய மேக்ஹெமைட் துகள்கள் அந்தக் கருவியை ஏமாற்றும். வெப்பநாட்டுச் செம்மண்ணில் கண்ணிவெடி தேடுபவர்களுக்கே இது பெரிய தலைவலி. கடப்பாரையை எடுக்கும் முன் ஒரு பிடி மண்ணை அள்ளித் தனியே காட்டிப் பாருங்கள். அதற்கும் கத்தினால், தோண்ட வேண்டாம்.