சம்னரின் மாடி அறை

அன்புள்ள ஐயா,

மெம்ஃபிஸிலிருந்து தெற்கே காரில் சென்றபோது, மிசிசிப்பி மாநிலத்தில் சம்னர் என்ற சிற்றூரில் ஒரு மணி நேரம் இறங்கினோம். சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் ஊர். நடுவில் கடிகாரக் கோபுரத்துடன் பழைய நீதிமன்றம். பழைய கட்டடங்களை இவர்கள் எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள் என்று பொறாமையாக இருந்தது. ஆனால் அதே வளாகத்தில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கான்ஃபெடரேட் படைவீரனின் சிலையும், எம்மெட் டில் கொலை வழக்கைச் சொல்லும் பலகையும் நிற்கின்றன. அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்களா? கட்டடத்தின் கலைப்பாணி பற்றியும் எழுதுங்கள். என் பன்னிரண்டு வயது மகன் காரிலேயே தூங்கிவிட்டான், எழுப்ப மனம் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கலைப்பாணியைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சிலை 1913இல் வைக்கப்பட்டது, அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 48 ஆண்டுகள் கழித்து. இறந்தவர்களுக்காக அழுவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்கமாட்டார்கள். நீதிமன்றத்துக்குள் நுழையும் கறுப்பினத்தவருக்கு, இங்கே ஆள்வது யார் என்று சொல்வதற்காக வைத்தது அது. என்னைக் கேட்டால் அகற்றலாம். முடிவு அந்த ஊர்க்காரர்களுடையது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று, ‘நேர்த்தி’ என்ற சொல். சில வாரங்களாக நான் இதையே யோசித்துக்கொண்டிருப்பதால் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்: ஒரு மணி நேரம் அங்கே இருந்தும் நீங்கள் பூச்சு வேலையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவனை, மளிகைக்கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்று சொல்லி, அவளுடைய கணவனும் கணவனின் அண்ணனும் நள்ளிரவில் தூக்கிச்சென்று கொன்று ஆற்றில் வீசினார்கள். விசாரணை நடந்த இடம் நீங்கள் பார்த்த கட்டடத்தின் மாடி அறை. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி 67 நிமிடங்களில் இருவரையும் விடுவித்தது. குளிர்பானம் குடிக்க நிற்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரமும் ஆகியிருக்காது என்று ஜூரர் ஒருவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நான்கு மாதம் கழித்து, இனி தண்டனை இல்லை என்ற துணிவில், இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மாடி அறையை 1970களில் நவீனமாக்கி, பழைய தோற்றமே தெரியாதபடி மாற்றிவிட்டார்கள். பிறகு அதை 1955இல் இருந்த நிலைக்கே திருப்பினார்கள். ‘நேர்த்தி’ என்று நீங்கள் பொறாமைப்பட்டது இதைப் பார்த்துத்தான். அழகுக்காகச் செய்ததல்ல அது. சிறுவனின் பெரியதாத்தா மோசஸ் ரைட் எழுந்து நின்று, தன் வீட்டுக்கு வந்து பையனைக் கொண்டுபோனவனைக் கைநீட்டிக் காட்டியது எந்த அறையில் என்று வருகிறவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. குத்தகை விவசாயியான ஒரு கறுப்பினத்தவர், 64 வயதில், அந்தக் கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டினார். அதன்பின் அவரால் மிசிசிப்பியில் இருக்க முடியவில்லை, சிகாகோவுக்குப் போய்விட்டார்.

நேர்த்தி மட்டும் போதும் என்றால் நீங்கள் இன்னும் தெற்கே, மனி என்ற ஊருக்குப் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் தொடக்கமான மளிகைக்கடை அங்கேதான் இருக்கிறது. கூரை விழுந்து, சுவரெல்லாம் கொடி படர்ந்து நிற்கிறது. அந்த ஜூரியில் இருந்த ஒருவரின் குடும்பத்துக்குச் சொந்தமானது. விற்கவும் இல்லை, பழுதுபார்க்கவும் இல்லை. அதை ஒட்டி ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்ட வரலாற்றிடங்களுக்காக அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பெற்று, அந்த பங்க்கைத்தான் பளபளவென்று புதுப்பித்திருக்கிறார்கள். கொலையோடு அதற்கு இருக்கும் தொடர்பு, கடைக்குப் பக்கத்தில் இருந்தது என்பது மட்டுமே. பெயின்ட் அடித்த தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்தேன். ஐம்பதுகளின் இனிய நினைவு! இடிந்த கடைகூட ஒருவகையில் உண்மை சொல்கிறது, இந்த பங்க் சொல்வதில்லை. பாழடைய விட்டு மறக்கடிப்பது ஒரு வழி, புதுப்பித்து மறக்கடிப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு அரசு நிதியும் கிடைக்கிறது என்பதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

ஆற்றங்கரையில் 2008இல் வைத்த நினைவுப் பலகையைப் பிடுங்கி ஆற்றில் போட்டார்கள். இரண்டாவதைத் துப்பாக்கியால் சல்லடையாக்கினார்கள். மூன்றாவது வைத்து 35 நாளில் அதிலும் குண்டு பாய்ந்தது. 2019இல் குண்டு துளைக்காத எஃகில், இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்காவதை நிறுத்தினார்கள். துளைபட்ட பலகை ஒன்று பின்னர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பழுதுபார்க்காமல், துளைகளோடு.

நான் சம்னருக்குப் போனது ஓர் அக்டோபர் மாதத்தில். சாலையோரப் புல்லில் லாரிகளிலிருந்து பறந்த பஞ்சு ஒட்டிக்கிடந்தது. 2007இல் அந்த மாவட்டத்தார் நீதிமன்றப் படிகளில் நின்று டில் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு ஒரு தீர்மானம் வாசித்தார்கள். வழிகாட்டி அதன் நகலைக் கொடுத்து, மாடி அறையில் ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்க வாசிக்கச் சொன்னார். எனக்கு வந்த பத்தி, இந்த ஊரில் உங்கள் அன்புக்குரியவனுக்குச் செய்யப்பட்டதற்காக மிகவும் வருந்துகிறோம் என்பது. நான் எங்கிருந்தோ வந்தவன், எனக்கு இதில் என்ன என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன், இரண்டாவது வரியில் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த முதியவர், அவசரமில்லை என்பதுபோல என் முழங்கையைத் தொட்டார். யாரிடம் கேட்க வேண்டுமோ அந்தத் தாய், மேமி டில், 2003லேயே இறந்துவிட்டார். சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று மகனின் சவப்பெட்டியைத் திறந்துவைத்தவர் அவர்.

மகனை எழுப்பியிருக்க வேண்டும், எஸ். உங்களைப் புண்படுத்தச் சொல்லவில்லை. தூங்கும் பிள்ளையை எழுப்பாத மனம் நல்ல மனம்தான். ஆனால் விசாரணை நடந்த நாட்களில் அந்த ஊரின் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஓர் ஆண்பிள்ளையை வளர்க்க நல்ல ஊர் என்று. அடுத்த முறை அவனை மாடிக்குக் கூட்டிப்போங்கள், அவனுக்கும் ஒரு பத்தி கொடுப்பார்கள். இறங்கி வந்ததும் சிலையைக் காட்டி இது யார் என்று கேட்பான். அதற்கும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நீங்களே பதில் சொல்லுங்கள்.