நான்காவது கட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாமில் ‘டோய் மோய்’ (புதுப்பித்தல்) என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது 1986-இல். சந்தை திறந்துவிட்டது, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. பொருளாதாரம் திறந்தால் அரசியலும் தானாகத் திறக்கும் என்பார்களே, இனியாவது நடக்குமா?

கே.

அன்புள்ள கே.,

1986 டிசம்பர் கட்சி மாநாட்டிலிருந்து தொடங்கினால் விஷயம் பிடிபடாது. அதற்கு முன்பே கீழே பலர் விதியை மீறிக்கொண்டிருந்தார்கள். ‘வேலி உடைப்பு’ என்றே அங்கே அதற்குப் பெயர். மாநாடு அதை ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

நெல்லைப் பாருங்கள். 1981-இல் வந்த நூறாம் எண் ஆணை நடவு, பராமரிப்பு, அறுவடையைக் குடும்பங்களிடம் விட்டது. உழவும் தண்ணீரும் விதையும் உரமும் கூட்டுறவின் கையிலேயே இருந்தன. ஒப்பந்த அளவுக்கு மேல் விளைந்தது குடும்பத்துக்கு. விளைச்சல் கூடியதும் அந்த அளவை ஏற்றினார்கள். உரமோ நேரத்துக்கு வரவில்லை. பலர் நிலத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1988 ஏப்ரலில் பத்தாம் எண் தீர்மானம் மொத்தச் சாகுபடியையும் குடும்பத்திடம் விட்டது. அதுவரை அரிசி இறக்குமதி செய்த நாடு 1989-இல் சுமார் 14 லட்சம் டன் ஏற்றுமதி செய்தது.

மேலிருந்து செய்து பார்த்ததும் உண்டு. 1985-இல் பத்துப் பழைய டாங்குக்கு ஒரு புதிய டாங் என்று நோட்டை மாற்றினார்கள், கூடவே விலையையும் சம்பளத்தையும் ஏற்றினார்கள். பற்றாக்குறைக்கு நோட்டடிப்பதை நிறுத்தாமல் ஒரு பூஜ்யத்தை அழித்து என்ன பயன்? மறு ஆண்டே பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது.

வேலி தாண்டிய விவசாயியால் நெல் பெருகியது, கட்சிக்கும் லாபம். அரசியலில் வேலி தாண்டினால் கட்சிக்கு நஷ்டம் மட்டும்தான். அரசியலில் பன்மைத்துவம் வேண்டும் என்று பேசிய பொலிட்பீரோ உறுப்பினர் ட்ரான் சுவான் பாக்கை 1990-இலேயே பதவியிலிருந்து நீக்கினார்கள். ஆகவே உங்கள் ‘தானாக’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

அதற்காக அசைவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதிவேக ரயில் திட்டத்தை 2010-இல் தேசிய சட்டமன்றமே நிராகரித்தது. 2013-இல் பிரதமர் உள்ளிட்டோர் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தி, யாருக்கு எத்தனை வாக்கு என்றும் வெளியிட்டார்கள். ஆனால் அந்தச் சீட்டில் மூன்றே கட்டங்கள்: அதிக நம்பிக்கை, நம்பிக்கை, குறைந்த நம்பிக்கை. நம்பிக்கை இல்லை என்று சொல்லக் கட்டமே கிடையாது!

நான் கவனிப்பது வேட்பாளர் தேர்வை. கட்சியின் குடைக்குள் இயங்கும் தந்தையர் நாட்டு முன்னணி மூன்று சுற்றுக் கலந்தாய்வு நடத்திப் பட்டியலை முடிவு செய்கிறது. தாமாக மனுப் போடுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்படுகிறார்கள். 2021-இல் வென்ற 499 பேரில் அப்படி வந்தவர்கள் 4 பேர். அரசியலில் ஏதாவது மாறினால் அந்த எண்ணில்தான் முதலில் தெரியும்.