வரிசையும் வேலியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியேற்ற விவாதம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எல்லை தாண்டி வருபவர்கள் மேல் உங்களுக்கு இரக்கம் கொஞ்சம் அதிகம். என் மகன் டல்லாஸில் எச்1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். நிரந்தரமாகத் தங்க 2015இல் கிரீன் கார்டுக்குப் போட்டது, இன்னும் வரவில்லை. மூன்று வயதில் போன பேத்திக்கு இப்போது பத்தொன்பது. 21 ஆனால் அப்பாவின் விசாவோடு ஒட்டியிருக்க முடியாதாம். வேலி தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒபாமா பாதுகாப்புக் கொடுத்தார், ஒழுங்காக வரிசையில் நிற்பவன் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. முதலில் எல்லையை மூடு, அப்புறம் மற்றதைப் பேசு என்பதில் என்ன தப்பு?

கே.எஸ்., நங்கநல்லூர்

அன்புள்ள கே.எஸ்.,

அப்படிச் சொல்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஏறக்குறைய 27 லட்சம் பேர் சட்டப்படி தங்கும் உரிமை பெற்றார்கள். பதிலுக்கு, ஆவணமில்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளைத் தண்டிப்போம் என்றார்கள். முதல் பாதி நடந்தது, இரண்டாவது பாதி பேப்பரோடு சரி. அப்புறம் 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் மெக்சிகோவை ஒட்டிய தெற்கு எல்லையில் பிடிபட்டவர்கள் இரண்டரை லட்சத்தை நெருங்கினார்கள். யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் மகன் நிற்கும் வரிசைக்கும் அந்த வேலிக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வரிசையை நீளமாக்கியது 1990இல் போட்ட சட்டம். வேலை வழியாக ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு, மனைவி மக்களையும் சேர்த்து. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஒரே உச்சவரம்பு. வேலி தாண்டியவர் யாரும் இதில் உங்கள் மகனுக்கு முன்னால் போய் நிற்கவில்லை. அவருக்கென்று வரிசை என ஒன்று இருந்தால்தானே. தனித்திறன் தேவைப்படாத வேலைகளுக்கு, உலகம் முழுவதுக்கும் சேர்த்து, ஆண்டுக்கு 10,000 கிரீன் கார்டுக்கு மேல் சட்டத்தில் இடமில்லை. (கும்மிடிப்பூண்டி முகாமில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். எந்த வரிசையில் வந்தாய் என்று அவர்களிடம் போய்க் கேட்க உங்களுக்கும் மனது வராது.)

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் மகனின் பிரச்சினையை அங்கே வேலியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள், அதனால் வேலிச் சண்டை ஓயாதவரை அதுவும் நகராது. 2013இல் வந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாவையே பாருங்கள்: எல்லைக் காவலர்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவது, 700 மைல் வேலி, ஆவணமில்லாதவர்களுக்குப் பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு குடியுரிமை, இவற்றோடு வேலைவழி கிரீன் கார்டில் அந்த 7 சதவீதத்தை எடுத்துவிடும் பிரிவும் அதே கட்டுக்குள் இருந்தது. செனட்டில் 68-32 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் ஜான் பெய்னர் அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை, அவர் கட்சிக்காரர்கள் பலருக்கு அது பொதுமன்னிப்பு. 2024 பிப்ரவரியில் இன்னொன்று, எழுதியவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சி செனட்டர் லாங்ஃபோர்ட். பெரும்பகுதி எல்லைக் கெடுபிடிதான், ஆனால் ஓரமாக, எச்1பிக்காரர்களின் பிள்ளைகள் 21 தாண்டியும் தங்க வழி செய்யும் ஒரு பிரிவு, அதாவது உங்கள் பேத்தி. டிரம்ப் வேண்டாம் என்றார், அவர் கட்சி கைகழுவிவிட்டது. ஜனநாயகக் கட்சியும் லேசுப்பட்டதல்ல. படித்தவர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்காக ஓட்டுப் போட ஆள் கிடைக்காது என்று கட்டை அவிழ்க்க விடாதவர்கள் அங்கே உண்டு.

சரி, எல்லையை மூடினால்? 2025இல் அதையும் பார்த்தோம். தெற்கு எல்லையில் எல்லைக் காவல்படையிடம் பிடிபடுபவர்கள் மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கும் கீழே போனார்கள். அப்புறம் பேசுவோம் என்ற சீர்திருத்தம் வந்ததா? செப்டம்பரில் வந்தது, புதிய எச்1பி மனு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் ஃபைலோடு நிற்கிற பையன் எந்த வேலியைத் தாண்டினான்?

பேத்தி விஷயம். ஒபாமா 2012இல் கொடுத்ததில் கிரீன் கார்டு இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக அனுமதிதான். 2021இல் டெக்சாஸ் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு புதியவர்களுக்கு அனுமதி தருவதும் நின்றது. சட்டப்படி வந்த பிள்ளைகளை அதில் சேர்க்காதது அநியாயம் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இப்போதைக்கு மகனிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி போட்ட மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழிக்க ஒரு சட்டம் இருக்கிறது, வரிசை நகர்ந்தால்தான் அது உதவும், ஆனாலும் வக்கீலிடம் கணக்குப் போட்டு வைக்கட்டும். அது கைகொடுக்காவிட்டால் 21க்கு முன்பே மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.